திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் இருந்ததா?

ஜூன் மாதம் வந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். தனியார் பள்ளிக்கூடம் கேட்கிற தொகையைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள், "அந்தக் காலத்துல குருகுலத்துல படிச்சாங்க, ஒரு பைசா கிடையாது, வெள்ளைக்காரன் வந்துதான் படிப்பை வியாபாரம் ஆக்கினான்" என்று ஆரம்பிப்பார்கள். உடனே இன்னொருவர், "வெள்ளைக்காரன் வரலைன்னா உனக்கு எழுத்தே தெரிஞ்சிருக்காது" என்பார். அதோடு பேச்சு சண்டையாகிவிடும்.

இரண்டுமே தப்பு. நம்முடைய பழைய கல்வியில் கட்டணம் இருந்தது. மாதாமாதம் கொடுத்தார்கள், காசாகவும் கொடுத்தார்கள், தானியமாகவும் கொடுத்தார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட படிக்கட்டுக்கு மேலே போனால் கட்டணம் இல்லை. ஏன் கீழே காசு, ஏன் மேலே இல்லை என்று புரிந்துவிட்டால், அந்தக் கல்வியில் எதைச் சொல்லிக்கொடுத்தார்கள், யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், எப்படி அது மறைந்துபோனது என்பதெல்லாம் கூடவே புரிந்துவிடும். முன்னே எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை, முதலிலிருந்தே சொல்கிறேன்.

குருகுலம் என்ற ஒரே மூட்டை

முதல் குழப்பம், மூன்று வேறு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டி 'குருகுலம்' என்று பெயர் வைத்துவிடுவதுதான்.

ஒன்று, திண்ணைப் பள்ளிக்கூடம். ஊரில் ஒரு வாத்தியார், ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையிலோ சாவடியிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பது. பிள்ளைகள் காலையில் வருவார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாவது, புலவரிடம் பாடம் கேட்பது. எழுத்தும் கணக்கும் முடித்தவன், இலக்கணமும் பிரபந்தமும் புராணமும் படிக்க ஆசைப்பட்டால் ஒரு வித்வானைத் தேடிப் போய், அவர் கூடவே இருந்து, வருடக்கணக்கில் படிப்பான். 'பாடம் கேட்டல்' என்றால் ஆசிரியர் ஒரு செய்யுளைச் சொல்லிப் பொருள் விளக்க, மாணவன் கேட்டு ஏட்டில் எழுதி மனத்தில் ஏற்றிக்கொள்வது.

மூன்றாவது வேதமும் சாஸ்திரமும் படிக்கிற பாடசாலை. அது பிராமணப் பையன்களுக்கு மட்டுமானது, பெரும்பாலும் மானியத்தில் நடந்தது. மானியம் என்றால் வரி இல்லாமலோ குறைந்த வரிக்கோ ஒரு காரியத்துக்காக விட்டுவைத்த நிலம். இந்த மூன்றாவதைப் பற்றி இங்கே இதற்கு மேல் பேசப்போவதில்லை, ஏனென்றால் பெரும்பாலான தமிழர்களின் பாட்டன் முப்பாட்டன் படித்தது முதல் வகையில்தான்.

திண்ணை வாத்தியார் எப்படிப் பிழைத்தார்

உங்கள் தெருவில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருவர் இருப்பார் இல்லையா, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பள்ளிக்கூடக் கட்டடம் கிடையாது, கூடத்தில் பாய் போட்டு உட்காருவார். பதினைந்து இருபது பிள்ளைகள் வருவார்கள். மாசம் பிறந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தொகை வரும், எல்லா வீட்டிலும் ஒரே தொகை என்று இருக்காது, கஷ்டப்படுகிற வீடு என்றால் குறைத்துக்கொள்வார். விஜயதசமிக்குத் தட்டில் வைத்துத் தட்சிணை கொடுப்பார்கள். புதிதாக ஒரு வர்ணம் ஆரம்பித்தால் பழம், வெற்றிலை. அவருக்கு மேலே அதிகாரி கிடையாது, அவர் நன்றாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால் பிள்ளைகள் அடுத்த தெரு டீச்சரிடம் போய்விடுவார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடம் ஏறக்குறைய இதேதான். அரசாங்கம் நடத்தியதில்லை, கோயில் நடத்தியதில்லை, பெற்றோர் கொடுத்த காசில் ஓடியது. இன்றைய வார்த்தையில் சொன்னால் அது தனியார் பள்ளி.

வருமானம் பல வழிகளில் துளித்துளியாக வந்தது. மாதச் சம்பளம் ஒன்று. அறுப்புக்காலத்தில் நெல்லோ கம்போ. பிறகு வாவுக் காசு: அமாவாசையும் பௌர்ணமியும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, அந்த விடுமுறைக்கு வாவு என்று பெயர், அந்த நாளையொட்டிப் பிள்ளைகள் வாத்தியாருக்குக் கொண்டுவருகிற காசு வாவுக் காசு. ஒரு சுவடி முடித்து அடுத்த சுவடி தொடங்கும்போது வீட்டுக்குத் தக்கபடி ஒரு மரியாதை. எல்லாவற்றுக்கும் மேலே நவராத்திரி. பிள்ளைகளுக்கு அலங்காரம் செய்து, கையில் கோலாட்டக் கோல் கொடுத்து, வாத்தியார் வீடு வீடாக அழைத்துப்போவார். அவர்கள் பாடி ஆடுவார்கள், வீட்டுக்காரர்கள் வாத்தியாருக்குப் பணம் கொடுப்பார்கள். ஊருக்கே அது ஒரு கொண்டாட்டம். வாத்தியாருக்கோ வருடத்தின் பெரிய வரும்படி.

மொத்தத்தில் எவ்வளவு கிடைத்திருக்கும்? சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1826-ல் எழுதிய குறிப்பில், வாத்தியார்கள் பொதுவாக மாதம் 6, 7 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை, தகுதியானவர்கள் இந்தத் தொழிலுக்கு வர அது போதாது என்று சொல்கிறார். அந்தக் காலத்திலும் வாத்தியார் ஏழைதான்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: திண்ணைப் பள்ளி வேறு, புலவரிடம் பாடம் கேட்பது வேறு. திண்ணைப் பள்ளியில் கட்டணம் உண்டு, அது பெற்றோரிடமிருந்து நேரே வாத்தியார் கைக்குப் போனது.

காசு கொடுத்தவர்கள் என்ன கேட்டார்கள்

விவசாயி, கடைக்காரர், நெசவு செய்கிறவர், கணக்குப்பிள்ளை வீடு, இவர்கள்தான் பணம் கொடுத்தவர்கள். பையன் என்ன படித்து வர வேண்டும் என்று இவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். கடுதாசி எழுத வேண்டும், பத்திரம் வாசிக்க வேண்டும், களத்து மேட்டில் நெல் அளக்கும்போது யாரும் ஏமாற்ற முடியாதபடி கணக்குப் போட வேண்டும். அதனால் கணக்குக்குப் பெரிய இடம்.

முதலில் அரிச்சுவடி, மணலில் விரலால் எழுதுவது. எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், கையும் வாயும் காதும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கை பழகிய பிறகுதான் எழுத்தாணியும் ஓலையும். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி என்று நீதி நூல்கள். சொற்களுக்கு நிகண்டு, அதாவது செய்யுளாகவே எழுதிய அகராதி.

கணக்குக்கு எண்சுவடி. இதை வெறும் வாய்ப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். நாம் படித்த வாய்ப்பாடு முழு எண்களோடு நின்றுவிடும், எண்சுவடி கீழ்வாய்க்குள், அதாவது பின்னத்துக்குள் இறங்கும். அரை, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று), வீசம் (பதினாறில் ஒன்று) இவை நமக்கே கொஞ்சம் பழக்கம். இவற்றோடு மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. அதற்கும் கீழே கீழ்முந்திரி, அது முந்திரியில் முந்திரி, கணக்குப் பார்த்தால் 1,02,400-ல் ஒரு பங்கு. அரைக்கு அரை கால், அரைக்குக் கால் அரைக்கால், காலுக்குக் கால் வீசம் என்று எட்டு வயதுப் பையன் பாட்டுப் போல ஒப்பிப்பான். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவதை நாம் ஆறாம் வகுப்பில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு திணறிப் படிக்கிறோம் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

கூடவே நெல்லிலக்கம், அதாவது தானிய அளவைகளின் வாய்ப்பாடு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். அப்படியென்றால் ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, 96 நாழி. களத்தில் கால் பங்கு வாரம், அதாவது விளைச்சலில் கால் பங்கு, என்று பேசியிருந்தால் கலத்துக்கு மூன்று குறுணி என்று பையன் வாயிலிருந்து பட்டென்று வரும். குழிமாற்று என்று இன்னொன்று, அது நிலத்தின் நீள அகலத்தைப் பெருக்கிப் பரப்பு காண்பதற்கு. இதையெல்லாம் முடித்தவன் நேராகப் போய்க் கடையில் உட்காரலாம், ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணத்தின் பக்கத்தில் உட்காரலாம்.

வெறும் மனப்பாடம்தானே?

திண்ணைப் பள்ளி என்றாலே 'குருட்டு மனப்பாடம்' என்று ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டே வரும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், எனக்கு இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம் இதுதான்.

ஓலையில் எழுதுவது மெதுவான வேலை. கீறி, மை தடவி, துளையிட்டு, கயிற்றில் கோக்க வேண்டும். வழித்துப் போட்டுத் திரும்ப எழுதிப் பார்க்க அது சிலேட்டு இல்லை. அதனால் கணக்கைப் போடுகிற இடம் ஓலை அல்ல, மனசு. மனப்பாடம் என்பது பரீட்சைக்காக ஏற்றி வைத்துப் பிறகு மறந்துபோகிற சரக்காக இருக்கவில்லை, தச்சருக்கு உளி எப்படியோ அப்படி அன்றாடம் எடுத்துப் பயன்படுத்துகிற கருவியாக இருந்தது. எண்சுவடி முழுசாக மனத்தில் இருந்தால்தான் சந்தையில் நின்றபடியே கணக்குப் போட முடியும்.

அந்த நினைவைத் தீட்டுவதற்குத் தனியாகவே பயிற்சி வைத்திருந்தார்கள். உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கை வரலாற்றை 1940-ல் தொடங்கி ஆனந்த விகடனில் எழுதினார், அதில் தான் சிறுவயதில் படித்த திண்ணைப் பள்ளியைப் பற்றிச் சொல்கிறார். சாயங்காலம் பிள்ளைகளை அனுப்புமுன் வாத்தியார் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதை மறக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும், உண்மையில் ஓர் இரவு தாண்டியும் ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்துகிற பயிற்சி.

அப்புறம் 'முறை சொல்லுதல்'. ஒருவன் முன்னால் நின்று சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வது. முன்னால் நிற்கிறவன் சட்டாம்பிள்ளை, அதாவது வாத்தியாருக்கு உதவியாகச் சின்னப் பிள்ளைகளை நடத்துகிற மூத்த மாணவன். ஒரே வாத்தியார், ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை பிள்ளைகள், ஆளுக்கொரு சுவடி, இது எப்படி நடக்கும்? சட்டாம்பிள்ளை இருந்ததால் நடந்தது. சொல்லிக்கொடுக்கிறவனுக்கும் பாடம் உறுதிப்படும்.

இந்த முறை இங்கிலாந்துக்கே போனது என்பது பலருக்குத் தெரியாது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்புக்கு வந்தார். நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்தார். அதைத் தன் இல்லத்தில் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை, அதனால் மூத்த பையன்களை வைத்தே சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவைத்தார். ஊருக்குத் திரும்பியதும் 1797-ல் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். குறைந்த செலவில் ஏராளமான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வழி தேடிக்கொண்டிருந்த இங்கிலாந்தில் அது பரவியது, பெயரே 'மதராஸ் முறை'. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல் விட்டுப்போன பணத்தில் 1833-ல் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு மதராஸ் காலேஜ் என்று பெயர், இன்றும் அதே பெயரில் நடக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில் இந்தப் பள்ளிகளின் சிக்கனத்தையும் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையையும் மனசாரப் பாராட்டுகிறார். அதே அறிக்கையில், பேச்சு மொழிக்குத் தூரமான செய்யுளைப் பிள்ளைகள் பொருள் தெரியாமல் ஒப்பிக்கிறார்கள் என்றும் வருத்தப்படுகிறார். அது தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பகுதி, ஆனால் நம் ஊருக்கும் அந்தக் குறை பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். கணக்கில் மனப்பாடம் கருவியாக இருந்தது, செய்யுளில் பல சமயம் அது வெறும் ஓசையாக நின்றுவிட்டது. அடி வேறு. தாமதமாக வந்தால் பிரம்படி, கோதண்டத்தில், அதாவது மேலே கட்டிய கயிற்றில், தொங்கவிடுவது என்று தண்டனைகள் கொடுமையானவை. இதைப் பெருமையாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

எத்தனை பள்ளிகள் இருந்தன

மன்றோ 1822-ல் மாகாணம் முழுக்கக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். கலெக்டர்கள் அனுப்பியதைக் கூட்டினால் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாடு மட்டுமல்ல, ஆந்திரக் கரையும் மலபாரும் அதில் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டிலேயே படித்த பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரவில்லை. அவர்களையும் சேர்த்தால் படிக்கிற வயதுப் பையன்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குப் பேர் ஏதோ ஒரு வகையில் படித்தார்கள் என்று மன்றோ மதிப்பிட்டார்.

ஆகவே 'வெள்ளைக்காரன் வருமுன் எழுத்தே இல்லை' என்ற பேச்சு நிற்காது. ஆனால் பொறுங்கள், 'எல்லோரும் படித்தார்கள்' என்பதும் நிற்காது.

அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டும். அதிலும் கோயில் நாட்டியத்துக்கு விடப்பட்ட குடும்பத்துப் பெண்கள் கணிசம். சாதிக் கணக்கைப் பார்த்தால், தமிழ் மாவட்டங்களில் மாணவர்களில் சுமார் 70 முதல் 84 சதவீதம் வரை 'சூத்திரர்', 'மற்ற சாதியினர்' என்ற தலைப்புகளில் வருகிறார்கள். காந்தியவாதியான தரம்பால் 1983-ல் இந்த ஆவணங்களைப் புத்தகமாக வெளியிட்ட பிறகு, 'பார்த்தீர்களா, எல்லாச் சாதியும் படித்தது' என்று இந்த எண்ணைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் உண்டு. பிராமணர் மட்டும்தான் படித்தார்கள் என்ற எண்ணத்தை அது உடைக்கிறது, சரி. ஆனால் அந்தத் தலைப்புக்குள் நிலம் வைத்திருந்த வேளாளரும் அடக்கம், வணிகரும் அடக்கம். சேரியிலிருந்து வந்த பிள்ளை அந்தத் திண்ணையில் ஏற முடியுமா என்று கேட்டால், திண்ணை ஒரு வீட்டின் பாகம், அந்த வீட்டுத் தெருவுக்குள்ளேயே அந்தப் பிள்ளை நுழைய முடியாது. காசு இருந்தாலும் முடியாது. இதைச் சொல்லாமல் திண்ணைப் பள்ளியின் பெருமையைப் பேசுவது பாதிக் கதை.

சுருக்கமாக: பள்ளிகள் நிறைய இருந்தன, பிராமணர் அல்லாத பிள்ளைகள் பெரும்பான்மை, ஆனால் பெண்களுக்கும் தலித்துகளுக்கும் கதவு அநேகமாக மூடியே இருந்தது.

மேல்படிப்புக்கு ஏன் காசு இல்லை

இப்போது இரண்டாவது வகைக்கு வருவோம். செவ்வியல் கல்வி என்று சொன்னால் அது உண்மையில் இதுதான்: தொல்காப்பியமோ நன்னூலோ, அந்தாதியோ பிள்ளைத்தமிழோ, கம்பனோ பெரியபுராணமோ, ஒரு வித்வானின் வாயால் கேட்டுக் கற்பது. இங்கே ஆசிரியர் கட்டணம் வாங்குவது வழக்கமில்லை.

அப்படியானால் செலவே இல்லையா? இருந்தது, நிறையவே இருந்தது. பத்து மாணவர்கள் வருடக்கணக்கில் ஓர் ஆசிரியரோடு இருந்தால் அவர்கள் சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும், ஓலை வேண்டும், ஆசிரியரின் குடும்பமும் நடக்க வேண்டும். அந்தப் பணத்தைப் பெற்றோர் கொடுக்கவில்லை, புரவலர் கொடுத்தார்கள். புரவலர் என்றால் இங்கே சைவ மடங்கள், ஜமீன்கள், ஊர்ப் பெரிய தனக்காரர்கள்.

மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள், 19-ஆம் நூற்றாண்டின் பெரிய தமிழாசிரியர். அவர் திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்வான். ஆதீனம் என்பது நிலபுலன்களும் கோயில்களும் உடைய சைவ மடம். மடத்தின் ஆதரவு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒவ்வோர் ஊர்க்காரர்களும் தங்கள் கோயிலுக்குத் தலபுராணம், அதாவது அந்தத் தலத்தின் பெருமையைச் சொல்கிற செய்யுள் நூல், பாடித் தரச் சொல்வார்கள். அவர் பாடுவார், அரங்கேற்றம் நடக்கும், சன்மானம் கிடைக்கும். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடியிருக்கிறார். வந்த பணமெல்லாம் மாணவர்களுக்கும் வீட்டுச் செலவுக்கும் போய், கடனோடுதான் இருந்தார். கிறிஸ்தவரான சவரிராயலு நாயகரும் முஸ்லிமான நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தான்.

சாமிநாதையர் 1871-ல் மாயூரத்தில் அவரிடம் வந்து சேர்ந்தார். பாடத்துக்குக் காசு என்ற பேச்சே இல்லை. ஆனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பது பெரிய கவலை. ஆசிரியர் வேளாளர், மாணவன் பிராமணன், அந்தக் கால ஆசாரப்படி ஆசிரியர் வீட்டில் சாப்பிட முடியாது, வெளியே தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்குத் தந்தையிடம் பணம் இல்லை. அதற்கு முந்தைய வருடங்களில் அந்தத் தந்தை, மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற ஊராகப் பார்த்துக் குடும்பத்தோடு இடம் மாறிக்கொண்டே இருந்தார். போகிற ஊரில் இராமாயணக் கீர்த்தனம் பாடுவார், ஊர்க்காரர்கள் தானியமும் பணமும் கொடுத்துத் தாங்குவார்கள். கட்டணம் இல்லாத படிப்புக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலை இது. பிறகு திருவாவடுதுறை மடத்தின் சாப்பாடும் ஆதரவும் கிடைத்த பிறகுதான் அந்தக் கவலை தீர்ந்தது.

காசு கொடுக்கிறவர் யாரோ, அவருக்கு வேண்டியதே பாடமாகிறது என்பது இங்கேயும் வேலை செய்தது. மடத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் பிடித்தவை சைவப் பிரபந்தங்கள், புராணங்கள், அந்தாதிகள். அதனால் அவை கற்கப்பட்டன, பிரதி செய்யப்பட்டன. சங்க இலக்கியத்துக்கோ சமணக் காப்பியத்துக்கோ அப்படிப் பொதுவாகக் கேட்டு வாங்குகிறவர் இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அத்தனை வருடம் படித்த சாமிநாதையருக்கே சீவகசிந்தாமணி என்ற சமணக் காப்பியத்தை, கும்பகோணத்தில் வேலைக்குப் போன பிறகு அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் கேட்டபோதுதான் எடுத்துப் பார்க்க நேர்ந்தது.

இந்தப் பகுதியில் வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: மேல்படிப்பில் கட்டணம் இல்லை என்பது உண்மை, இலவசம் என்பது உண்மை இல்லை. புரவலர் கொடுத்தார், புரவலரின் விருப்பம் பாடத்திட்டமானது.

எப்படி மறைந்தது

ஒரு நாள் யாரோ சட்டம் போட்டுத் திண்ணைப் பள்ளிகளை மூடவில்லை. பணம் வருகிற வழி மாறியது, அவ்வளவுதான்.

நெசவு போன்ற தொழில்கள் படுத்து ஏழ்மை பெருகியதால் பெற்றோரால் கட்டணம் கொடுக்க முடியவில்லை, பள்ளிகள் மூடிக்கொண்டிருக்கின்றன என்று 1823-லேயே கேம்பெல் எழுதினார், அதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியே காரணம் என்பதையும் அந்த அதிகாரி மறைக்கவில்லை. மன்றோ தாலுகாவுக்கு ஒரு பள்ளி வைத்து வாத்தியாருக்கு மாதம் 9 ரூபாய் அரசாங்கச் சம்பளம் கொடுக்கலாம், அதே அளவு பிள்ளைகளிடமிருந்தும் வரும் என்று திட்டம் போட்டார். அவரே 1827-ல் காலராவில் இறந்துபோனார், திட்டம் வேர்பிடிக்கவில்லை.

பெரிய மாற்றம் 1854-க்குப் பிறகு. சார்லஸ் உட் அனுப்பிய கல்வி உத்தரவின்படி தனியார் பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. இன்றைக்கு 'எய்டட் ஸ்கூல்' என்கிறோமே, அதன் வேர் இதில்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் இந்தத் தொகையைத் தேர்ச்சியோடு கட்டினார்கள்: இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், எத்தனை பேர் தேறினார்களோ அதற்குத் தக்கபடி வாத்தியாருக்குப் பணம். 6 ரூபாய்க்கும் 7 ரூபாய்க்கும் திண்டாடுகிற வாத்தியாருக்கு இது பெரிய விஷயம். ஆனால் இன்ஸ்பெக்டர் கேட்பது அச்சுப் புத்தகமும் சிலேட்டுக் கணக்கும், முந்திரியும் காணியும் அல்ல. ஆகவே எண்சுவடி கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போனது. அதே சமயத்தில் அரசாங்கம், மிஷன், பிறகு நீதிக்கட்சிக் காலம் என்று வந்த பள்ளிகளில்தான், பெரிய எதிர்ப்புக்கு நடுவே, திண்ணை ஏற முடியாத பிள்ளைகளும் பெண்களும் உள்ளே வந்தார்கள். எண்சுவடி போனதற்காக எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அந்தக் கதவு திறந்ததை விட்டுக்கொடுத்து அதைத் திரும்பக் கேட்க மாட்டேன்.

மேல்படிப்புக்கும் இதே கதைதான். மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-ல் காலமானார். 1880-ல் சாமிநாதையர் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதரானார், அவருக்கு இடம்விட்டு ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரும் பிள்ளையின் மாணவர்தான். மடம் தாங்கிய படிப்பு மாதச் சம்பளத்துக்கு மாறியது.

இன்றைய ஃபீஸோடு ஒப்பிடலாமா

'தனியார் கட்டணம் நம் மரபிலேயே உண்டு, ஆகவே லட்சம் வாங்குவதில் தப்பில்லை' என்று யாராவது இந்தக் கட்டுரையை வைத்து வாதாடினால் அது சரியல்ல. திண்ணைப் பள்ளியின் கட்டணம் வாத்தியார் என்ற ஒரே ஆளுக்குப் போனது, வீட்டு நிலைமைக்குத் தக்கபடி கூடிக் குறைந்தது. இன்றைய பள்ளிக் கட்டணம் வேறு மாதிரி கட்டப்பட்ட ஒன்று. தமிழ்நாட்டில் 2009-ல் வந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. பள்ளி எந்த இடத்தில் இருக்கிறது, என்ன வசதிகள் உண்டு, நிர்வாகச் செலவும் பராமரிப்புச் செலவும் எவ்வளவு, வளர்ச்சிக்கு நியாயமான உபரி எவ்வளவு வேண்டும் என்பவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அதே 2009-ல் வந்த மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்துபவை நீங்கலான தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அந்தச் செலவை அரசு ஏற்கச் சொல்கிறது. திண்ணையில் இப்படி ஒரு உரிமை யாருக்கும் இருந்ததில்லை.

இப்போது 'குருகுலப் பாணி' என்று விளம்பரம் செய்கிற பள்ளிகளும் வந்துவிட்டன. வேட்டி கட்டிய பிள்ளைகளின் படம், மரத்தடி வகுப்பு, கூடவே ஒரு பெரிய தொகை. அங்கே சேர்க்க நினைக்கிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு, நீங்கள் கேட்பது எவ்வளவு? கட்டுகிற பணத்தில் ஆசிரியர் சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது? பிள்ளை ஒரு செய்யுளை ஒப்பித்தால், அதற்குப் பொருள் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவராவது இருக்கிறாரா?